அவருடைய வலப்பக்கமும் என்னுடைய முதுகும்

என் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தகர ஷெட் என்று இரும்போடு இருபத்தெட்டு வருஷம். ஆள் நல்ல உருவம். பெரிய கேட்டின் ஒரு பக்கத்தைத் தனியாகவே தூக்கிக் கீலில் உட்கார வைத்துவிடுவார். நான் அவர் தோள் உயரம்கூட இல்லை. கல்யாணப் போட்டோவுக்கு என்னை ஒரு பலகையின் மேல் நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள்.

முதலியார்பேட்டையில், மூடிக் கிடக்கும் மில்லின் மதிலை ஒட்டிய தெருவில் கீழ்வீடு எங்களுக்கு. நான் சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவேன். மகன் ஒருவன்தான், சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆட்டோ பிடித்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் வலது காலும் திரும்பவில்லை. பேச்சு குழறிப்போனது. அவர் சொல்வது எனக்குப் புரியும், மற்றவர்களுக்குப் புரியாது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, அவரை எப்படித் திருப்புவது, எப்படி உட்கார வைப்பது என்று பிசியோதெரபி பிரிவிலிருந்து வந்து பொறுமையாகக் காட்டினார்கள். நான் தலையாட்டினேன். உண்மையில் எதையும் பார்க்கவில்லை. இத்தனை பெரிய மனுஷரை எங்கள் வீட்டு இரண்டு வாசற்படியைத் தாண்டி எப்படி உள்ளே கொண்டுபோகப் போகிறேன் என்பது மட்டும்தான் அப்போது மனசில் ஓடியது. படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தார்கள். அது மாத்திரைப் பைக்கு அடியில் போய்விட்டது.

வேலைக்கு ஒரு மாதம் லீவு சொன்னேன். இரண்டாவது மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் அவரைத் தூக்கிய விதம் இதுதான்: கட்டிலில் உட்கார வைத்து, முன்னால் குனிந்து நின்று, இரண்டு அக்குளுக்குள்ளும் கையை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இழுப்பேன். எழுந்ததும் என் இடுப்பைத் திருகி அவரை நாற்காலியில் போடுவேன். படுக்கையில் புரட்ட வேண்டுமென்றால் வராத அந்த வலது கையைப் பிடித்து இழுப்பேன். அதுதான் கைக்கு எட்டியது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. மூன்றாவது மாதம் அவருடைய வலது தோள் இறங்கினாற்போல் ஆகி, தொட்டாலே அலறினார். வாதம் வந்த கை வலிக்கத்தானே செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கையால் செய்தது அது என்று தெரியாது.

என் முதுகு அதற்கு முன்பே வலிக்கத் தொடங்கிவிட்டது. முதலில் இடுப்பில் ஒரு பிடிப்பு. தைலம் தேய்த்தேன். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கட்டினேன். கட்டியிருக்கிற தைரியத்தில் இன்னும் அழுத்தித் தூக்கினேன். அப்புறம் வலி இடது பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்பக்கமாக ஓடி, கெண்டைக்காலில் வந்து நின்றது. சோறு வடிக்க நின்றால் காலுக்குள் சூடான கம்பியை விட்டு இழுப்பது போல் இருக்கும். சுளுக்கு எடுக்கிறவர் ஒருவரிடம் போனேன். குப்புறப் படுக்க வைத்து முதுகில் முழங்காலை ஊன்றி ஒரு முறுக்கு முறுக்கினார். அன்று ஆட்டோவில் உட்கார முடியாமல் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மகன் போனில் சொன்னான்: “ஒரு ஆள் வச்சுக்கலாம்மா. நீ ஒண்டியா எவ்ளோ நாள் தூக்குவ?”

ஆளும் வந்தார். ஒன்பது நாள். ஒரு ஆம்பிளை தன்னைக் கழுவிவிடுவதை இவரால் தாங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை விறைத்துக்கொள்வார். பத்தாவது நாள் அந்த மனிதர் வரவில்லை. திரும்ப நான்தான்.

நாங்கள் விழுந்தது ஐந்தாவது மாதம். காலை பத்து மணி இருக்கும். குளியலறையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிவிட்டு, துடைத்து, எழுப்புவதற்காக அக்குளில் கை கொடுத்தேன். தரையில் சோப்புத் தண்ணீர். அவருடைய இடது கால் வழுக்கியது. மொத்த எடையும் என் மேல் வந்தது. விட்டுவிட்டு நான் விலகியிருக்கலாம். விடவில்லை. பிடித்தபடி இடுப்பைத் திருப்பினேன். முதுகுக்குள் ஏதோ அறுந்தது போல் இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மல்லாக்கக் கிடக்கிறேன், அவர் என் இடுப்புக்கும் காலுக்கும் குறுக்கே கிடக்கிறார்.

எழுந்திருக்கப் பார்த்தேன். தலையைத் தூக்கினாலே இடது கால் முழுக்க மின்சாரம் ஓடியது. அவரைத் தள்ளப் பார்த்தேன், முடியவில்லை. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிந்து என் முதுகுக்கு அடியில் தண்ணீர் போனது. அறையில் என் போன் அடித்தது. அந்த நேரத்தில் மகன்தான் கூப்பிடுவான், ஷிப்ட் முடிந்து வந்து. அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

“யாராவது வாங்களேன்” என்று கத்தினேன். குளியலறை வீட்டின் பின்பக்கம். கேட்க ஆள் இல்லை.

அவர் முகம் என் வயிற்றின் மேல் இருந்தது. குழறலாக ஏதோ சொன்னார். முதலில் எனக்கே புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

“என்ன உட்டுடு” என்றார். “உட்டுடு.”

அப்போது நான் நினைத்ததை எழுதுகிறேன். இவர் இப்போதே, இங்கேயே போய்விடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பயத்தில் ஓடி மறைந்த நினைப்பல்ல. கடவுளிடம் கேட்பது போல, தெளிவாக, வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். அவர் போய்விட்டால் நான் இந்த ஈரத்தரையில் இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடக்கத் தயார் என்று நினைத்தேன். அவருடைய ஈரத்தலை மூச்சுக்கு மூச்சு என் வயிற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

குழாய் மூடாமல் ஓடியதுதான் எங்களைக் காப்பாற்றியது. மேல்தொட்டித் தண்ணீர் காலியாகி, மாடி வீட்டில் குழாய் நின்றுவிட்டது. மாடி வீட்டு அக்கா சண்டை பிடிக்கிற வேகத்தில் பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்தார்.

“இன்னாடி, தொட்டித் தண்ணி பூரா எங்க போவுது?” என்று கேட்டபடியே வந்தவர் எங்களைப் பார்த்ததும், “ஐயோ மாதாவே!” என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு துண்டை எடுத்து முதலில் என் கணவர் மேல் போர்த்தினார். பிறகுதான் குழாயை மூடினார். அதை நான் மறக்கவில்லை.

பட்டறைப் பக்கத்திலிருந்து நாலு பேர் வந்து எங்களைத் தூக்கினார்கள். முக்கால் மணி நேரம் கிடந்திருக்கிறோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்கு ஓடும் நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் உடனே தேவையில்லை, மருந்தும் பயிற்சியும் பார்ப்போம் என்றார். கால் மேலும் மேலும் பலம் இழந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வரச் சொன்னார்.

மகன் ஆறு நாள் லீவில் வந்தான். ஒரு அறையில் அவர், ஒரு அறையில் நான். இரண்டு பேருக்கும் அவனே கஞ்சி ஊட்டினான். மாடி வீட்டு அக்கா குழம்பு கொடுத்தனுப்பினார். நாலாவது நாள் அவன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“அப்பாவ ஏதாவது ஹோம்ல சேத்துடலாம்மா. நா விசாரிச்சிட்டேன்.”

“சேத்துடு” என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் சொன்ன பிறகுதான் பக்கத்து அறையின் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை.

அந்த ஹோமில் இடம் கிடைக்க இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை சமாளிக்க, வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோ ஒருவரை மகன் தேடிப் பிடித்தான். முப்பத்தைந்து வயது இருக்கும் பெண். பிள்ளைச்சாவடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிச் சமையல்கட்டு மேடையில் வைத்துவிட்டு, நேராக அவரிடம் போகாமல் என்னிடம் வந்தார்.

“டாக்டரம்மா, அவரு அந்த ரூம்ல” என்றேன்.

“நா டாக்டர் இல்லக்கா, பிசியோ. அண்ணன அப்பால பாக்குறேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதா? அடக்க முடியாம போறது, போவணும்னு தெரியாம இருக்கறது, அந்த மாதிரி?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இல்லை என்றேன்.

“தொடை இடுக்குல, உக்கார்ற எடத்துல மரத்துப் போச்சா?”

“இல்லமா. கட்டவெரல்தான் மரத்துக் கெடக்கு.”

கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் ஒரு விரலால் அமுக்கினார். என் கட்டைவிரல் தோற்றது. அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “நாந்தான் அண்ணன்னு வச்சுக்குங்க. எப்புடித் தூக்குவீங்க, தூக்க வேணாம், கைய மட்டும் வச்சுக் காட்டுங்க” என்றார்.

காட்டினேன். அக்குளில் கை வைத்ததுமே, “போதும், உக்காருங்க” என்றார். பிறகு, “அக்கா, இனிமே நீங்க அவர தூக்கவே கூடாது” என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “அப்ப யாரு தூக்குவா? நீ வந்து தூக்குவியா? தெனம் ஏழு தடவ நீ பிள்ளைச்சாவடிலேர்ந்து வருவியா?” என்று கத்திவிட்டேன். நீ என்று சொன்னது பிறகுதான் உறைத்தது. கத்தியதில் கால் வலி வெட்டி இழுத்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஐந்து மாதத்தில் அப்படி அழுதது அன்றுதான். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“தூக்கத்தான் வேணாம்னேன். எழுப்பலாம். தூக்குனா அவரு உடம்பு பூரா உங்க முதுவுல. எழுப்புனா அவரு வெயிட்டு அவரு கால்ல. அவருக்கு எடது கால் நல்லாதான இருக்கு? அது இன்னா செய்யுது? அஞ்சு மாசமா சும்மா கெடக்குது” என்றார். “எங்க அப்பா மீன்புடி படக கரைக்கு இழுத்து இழுத்து நாப்பத்தஞ்சு வயசுல முதுவு போயி படுத்தவரு. பலத்தால போவல, குனிஞ்ச விதத்தால போச்சு. அதான் நா இந்தப் படிப்புக்கே வந்தேன்.”

அன்றே வேலையைத் தொடங்கினார். மகனை விட்டுக் கட்டிலின் நாலு காலுக்கும் கட்டை வைக்கச் சொன்னார். தாழ்வான கட்டிலிலிருந்து எழுவதுதான் கஷ்டம், உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். மாடி வீட்டு அக்காவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் கடைசிக் காலத்தில் பயன்படுத்திய, நடுவில் துளை வைத்த நாற்காலி மாடியில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினோம். குளியலறையில் ரப்பர் விரிப்பு போட்டோம்.

அவருடைய தோளைப் பார்த்ததும் பிசியோ என்னைத் திரும்பிப் பார்த்தார். “இந்தக் கைய புடிச்சு இழுத்தீங்களா?” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“மூட்டு எறங்கியிருக்குக்கா. தசையில புடிமானம் இல்லாத கை, இழுத்தா வந்துடும். இனிமே இழுக்கக் கூடாது. படுத்தா தலவாணி மேல, உக்காந்தா மடி மேல, தொங்கவே உடக் கூடாது.”

என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அலறிய ஒவ்வொரு தடவையும் நான் “சும்மா இருங்க” என்று அதட்டியது நினைவுக்கு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுப்புகிற முறை இப்படி: அவர் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார வேண்டும். இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தள்ளித் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில், இடது பக்கத்தில், ஒட்டிப் போட வேண்டும். அவர் இடுப்பைச் சுற்றி அகலமான துணிப்பட்டை ஒன்று கட்ட வேண்டும்; நான் பிடிப்பது அதைத்தான், அக்குளை அல்ல. மடங்கிப் போகிற வலது முழங்காலை என் முழங்காலால் முட்டுக் கொடுக்க வேண்டும். நான் குனிவது முதுகில் அல்ல, இடுப்பிலும் முழங்காலிலும். எண்ணி, மூன்று என்றதும், அவர் மூக்கு முழங்காலைத் தாண்டி முன்னால் வர வேண்டும். அப்போது பிட்டம் தானாகக் கிளம்பும். திரும்புவதற்கு இடுப்பைத் திருகக் கூடாது, பாதத்தை நகர்த்த வேண்டும்.

முதலில் மகனை வைத்துப் பழகினோம். பிறகு மகன் போய்விட்டான். காலையில் ஒரு தடவை பட்டறைப் பையன்கள் இருவர் வந்து உதவினார்கள், மற்ற நேரம் படுக்கையிலேயே எல்லாம். எனக்குத் தனிப் பயிற்சி. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் மெல்ல உயர்த்தி வைத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நடுவில் பத்து நிமிஷம் தெருவில் நடை. படுத்தே கிடக்கக் கூடாது என்றார். அதுவரை வலி என்றால் படுக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும்.

ஒரு வாரத்தில் கெண்டைக்கால் வலி தொடைக்கு ஏறியது, முதுகில் வலி அதிகமானது. பயந்துபோய் போன் செய்தேன். “ரொம்ப நல்லதுக்கா” என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. வலி காலிலிருந்து மேலே ஏறி முதுகுக்குத் திரும்பினால் நரம்பு விடுபடுகிறது என்று பொருளாம். முதுகு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை, கீழே இறங்கினால்தான் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும் என்றார்.

என் வலி நகர்ந்தது. அவர் நகரவில்லை. எண்ணி மூன்று சொன்னால் மரம் போல உட்கார்ந்திருப்பார். பிசியோ, “அண்ணா, எடது கால ஊனுங்கண்ணா” என்று கெஞ்சுவார். கண்ணை மூடிக்கொள்வார். ஹோமிலிருந்து இடம் காலியாகிவிட்டது என்று மகனுக்குத் தகவல் வந்தது. அடுத்த வாரம் முடிவு சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம் பிசியோ போன பிறகு, நான் தரையில் பாய் போட்டு என் பயிற்சிக்காகக் குப்புறப் படுத்திருந்தேன். அவர் கட்டிலிலிருந்து பேசினார்.

“நா செத்துட்டா ஒன் முதுவு வலி போயிடும்” என்றார்.

வேறு நாளாக இருந்தால் அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்றிருப்பேன். அன்று எனக்கு அந்தச் சக்திகூட இல்லை.

“அன்னைக்கு பாத்ரூம்ல கெடந்தப்ப நானும் அதத்தாங்க வேண்டுனேன்” என்றேன். “நீங்க போயிடணும்னு. மனசார வேண்டுனேன்.”

அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து பாயைப் பார்த்தபடி கிடந்தேன். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

“நானுந்தான்” என்றார் அவர். “அதத்தான் நானும் வேண்டுனேன்.”

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இடது கையால் என் முதுகைத் தொட்டார். எங்கே வலிக்கிறது என்று தேடுவது போல விரலால் அமுக்கிப் பார்த்தார். “கீழ” என்றேன். “இன்னும் கீழ.” சரியான இடத்தில் கையை வைத்துக்கொண்டார். இருவரும் அழுதோம். அதனால் மறுநாள் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மறுநாளும் அவர் எழவில்லை. அதற்கு அடுத்த நாளும்.

எழுந்தது ஐந்தாம் நாள். எதிர்வீட்டில் புதுக் கேட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் சத்தம் கேட்டதும் இவர் காதைத் தீட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிறிது நேரத்தில் முகம் சிவந்துவிட்டது.

“தப்பா வைக்கிறான்” என்றார். “கீலு... மேல ஏத்தணும். தொங்கிப் போயிடும்.”

“யாரு வீட்டு கேட்டோ தொங்கட்டும், உங்களுக்கு இன்னா?” என்றேன்.

“எழுப்பு.”

“இன்னாது?”

“எழுப்புடி!”

பட்டையைக் கட்டினேன். பாதத்தைப் பின்னால் தள்ளி வைத்தேன். வலது முழங்காலுக்கு என் முழங்காலை முட்டுக் கொடுத்தேன். எண்ணினேன். மூன்று சொல்வதற்குள் அவர் மூக்கு முன்னால் வந்துவிட்டது. இடது கால் நடுங்கியது. என் கையில் எடையே ஏறவில்லை. பட்டையைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து என் கணவர் தன் காலில் நின்று, ஜன்னல் கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டு, எதிர்வீட்டைப் பார்த்து என்னென்னவோ கத்தினார். அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நான் கத்திச் சொன்னேன்: “கீலு ஏத்தி வைக்கணுமாம்! தொங்கிடுமாம்!” அந்தப் பையன் திகைத்து நின்றான். இவர் அரை நிமிஷம் நின்றிருப்பார். பிறகு தொப்பென்று உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது, வேட்டி நனைந்திருந்தது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை.

மகனுக்குப் போன் போட்டு, ஹோம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். “யோசிச்சுதான் சொல்றியாம்மா?” என்றான். யோசித்துச் சொல்லவில்லை. இன்றும் அது சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது.

ஏனென்றால் அடுத்த மாதமே நான் மறுபடி படுக்கையில் விழுந்தேன். அவரை எழுப்புவதில் இல்லை, அதில் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். தண்ணீர் வாளி. அரை வாளிதான். முழங்காலை மடக்காமல், உடம்பை விட்டுத் தள்ளி வைத்தபடி, திரும்பிக்கொண்டே எடுத்தேன். வலி பழையபடி கெண்டைக்கால் வரை பாய்ந்தது. பிசியோ வந்து, “அவர ஒழுங்கா எழுப்புறீங்க, அப்பால வாளி இன்னா பாவம் பண்ணுச்சு? அதுக்கும் அதே முறைதான்” என்று திட்டினார். மூன்று வாரம் மறுபடி முதலிலிருந்து. அந்த மூன்று வாரத்தில் ஹோமின் நம்பரைப் போனில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை அழைக்கவும் செய்தேன். எடுத்ததும் வைத்துவிட்டேன்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் நாலு கால் வைத்த ஊன்றுகோலைப் பிடித்து வாசல் வரை வருகிறார். வலது கை வரவில்லை, இனி வராது என்றே தோன்றுகிறது. தோள் வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. பட்டறையை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். என் இடது கட்டைவிரலுக்குப் பழைய பலம் இல்லை. செருப்பு கழன்று கழன்று போவதால் பின்பட்டை வைத்ததாகப் போட்டுக்கொள்கிறேன். சேதராப்பட்டு பஸ் இன்றும் தெருமுனையில் நிற்கிறது. ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்து போக என்னால் முடியாது. போனாலும் இவரை யார் பார்ப்பது?

காலையில் எழும்போது எனக்கு முதலில் வருவது பயம்தான். இன்று முதுகு எப்படி இருக்கும்? நான் படுத்துவிட்டால்? கண் விழித்ததும் அசையாமல் கிடந்து காலை ஒரு முறை நீட்டி மடக்கிப் பார்க்கிறேன். வலி தொடைக்குக் கீழே இறங்கவில்லை என்றால், ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுகிறேன்.

பிசியோ இப்போது மாதம் ஒரு தடவைதான் வருகிறார். போன முறை அவர் ஹெல்மெட்டை எடுக்கும்போது வாசல் வரை போய், என் கணவர் காதில் விழாதபடி கேட்டேன்.

“இப்புடியே எவ்ளோ நாளைக்கும்மா தள்ள முடியும்?”

சும்மா ஆறுதலுக்கு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்கூட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

“தெரியலக்கா. உங்களுக்கு அம்பது ஆவப் போவுது. அவரு எடையும் ஏறிட்டுதான் இருக்கு. இன்னொரு ஆளு கட்டாயம் வேணும், இன்னைக்கு இல்லன்னாலும் ஒரு நாளு. உங்க பையன்கிட்ட நா பேசட்டா?”

“பேசுமா” என்றேன்.

அவர் போன பிறகு உள்ளே வந்தேன். என் கணவர் கட்டிலின் விளிம்புக்குத் தானே நகர்ந்து, பாதத்தைப் பின்னால் தள்ளி வைத்து, எனக்காகக் காத்திருந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. நான் பட்டையை எடுத்துக் கட்டினேன். முதல் தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்கும் வரை இருவரும் காத்திருந்தோம். மறுபடி எண்ணினேன்.